திருகோணமலையில் செயின் சோ வாங்குவது: எந்தப் பிராண்ட், பழுதானால் யார் பார்ப்பார்?

தம்பலகாமம்_வளவு

வணக்கம். தம்பலகாமத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் வளவு இருக்கிறது. தென்னைதான் அதிகம். வேலியோரம் பனை, கிணற்றடியில் வேம்பு, பின்பக்கம் ஒரு கிழட்டுப் புளி. மாரி தொடங்கினால் ஏதாவது ஒன்று சரிந்து வேலிக்கு மேல் கிடக்கும். மரம் தறிக்கிறவரைக் கூப்பிட்டால் 'நாளைக்கு வாறன்' என்பார். அவருடைய நாளை வருவதற்குள் மாடு உள்ளே வந்து தென்னங்கன்றுகளைத் தின்றுவிட்டுப் போய்விடும். அதனால் சொந்தமாக ஒரு செயின் சோ எடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

டவுனில் விசாரித்ததில் நான்கு மெஷின் கண்ணில் பட்டது: சீன 5800, ஜெர்மனியின் ஸ்டில் எம்.எஸ். 180, எம்.எஸ். 250, சுவீடனின் ஹஸ்க்வார்னா 445. ஒரு கடைக்காரர் சீன மெஷினைத் தூக்கிக் காட்டி, "இது 58 சிசி, அந்த ஸ்டில் வெறும் 31 சிசி, விலையைப் பாருங்கள்" என்கிறார். எனக்கு சிசி பற்றி அவ்வளவு கவலையில்லை. பழுதானால் திருகோணமலைக்குள்ளேயே பார்க்க முடியுமா, இல்லை கொழும்புக்கு பஸ்ஸில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டுமா? பாவிக்கிறவர்கள் சொல்லுங்கள்.

மூதூர்_விறகு

யோசிக்காமல் சீன 5800 எடுங்கள் தம்பி. ஒரு ஸ்டில் வாங்குகிற காசுக்கு இதில் இரண்டு மூன்று வாங்கலாம். கிண்ணியா, மூதூர், தோப்பூர் எங்கே போனாலும் ஹார்ட்வெயார் கடையில் காபரேட்டர் முதல் ஸ்டார்ட்டர் கயிறு வரை ஆணியில் தொங்குகிறது. நான் விறகு வெட்டி விற்கிறவன். மெஷின் நின்றால் அன்றைய கூலி போச்சு. நின்ற அன்றே பார்ட்ஸ் கிடைப்பதுதான் எனக்குப் பெரிய பிராண்ட். ஜெர்மன்காரன் நல்ல சாமான்தான் செய்கிறான், மறுக்கவில்லை. ஆனால் அவன் மூதூரில் கடை போடவில்லையே.

கிண்ணியா_பட்டறை

மூதூர் காக்கா (அண்ணன்) சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிதான் என் பட்டறைக்கு வருகிறது.

முதலில் அந்த 58 சிசி கதை. பெட்டியில் 58 என்று அடித்திருப்பார்கள். சிலிண்டரை அளந்து பார்த்தால் நான் கண்டவற்றில் பலதும் விட்டம் 45.2 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓட்டம் 34 மில்லிமீற்றர். கணக்குப் போடுங்கள், 55க்குக் கூட வராது. அது பெரிய குற்றமில்லை, 54 சிசி என்றாலும் வீட்டு வேலைக்குத் தாராளம். வடிவமும் மோசமில்லை, ஜப்பானின் செனோவா செய்த மெஷினைப் பார்த்து எடுத்ததுதான். பிரச்சினை என்னவென்றால் அதே வடிவத்தை இப்போது எத்தனை தொழிற்சாலை வார்க்கிறது என்று யாருக்கும் கணக்கில்லை. வெளியே ஒரே நிறம், ஒரே எழுத்து. உள்ளே ஒன்றின் கிளட்ச் மற்றதற்குப் பொருந்தாது, ஒயில் பம்பின் பல் வேறு. காக்கா சொல்கிற அந்த ஆணியில் தொங்கும் காபரேட்டரை வாங்கி மாட்டினால் சில நேரம் வேலை செய்யும், சில நேரம் திருகாணியைத் திருகித் திருகியே மத்தியானம் ஆகிவிடும்.

ஸ்டில் 180 என்பது 31.8 சிசி, நான்கு கிலோ அளவு, 14 இஞ்சி பார் (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு). கிளை இறக்க, தென்னை அளவு மரத்துக்கு அருமை. புளியடிக்கு அதைக் கொண்டு போகாதீர்கள், பாவம். 250 என்றால் 45.4 சிசி, 2.3 கிலோவாட், 16 அல்லது 18 இஞ்சி பார் போடலாம். ஹஸ்க்வார்னா 445 அதே அளவு, 45.7 சிசி. காற்று வடிகட்டிக்குப் போகும் முன்பே தூளைச் சுழற்றி வெளியே தள்ளும் ஏற்பாடு அதில் இருக்கிறது, காய்ந்த மரம் அறுப்பவர்களுக்கு நல்லது. ஆனால் சங்கிலியை ஓட்டும் பல்லுச் சக்கரம் அதில் கிளட்சுக்கு உள்ளே இருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் கிளட்சைக் கழற்ற வேண்டும், அது வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். தெரியாத ஆள் இடப்பக்கம் அடித்து உடைத்துக்கொண்டு வருவார். ஸ்டில் 180, 250 இரண்டிலும் பல்லு வெளியே, ஒரு சின்னக் கிளிப்பைக் கழற்றினால் கையோடு வரும்.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு. செயின் சோவில் பெரும்பாலும் பழுதாவது என்ன? பெற்றோல் குழாய், காபரேட்டர் டயாபிராம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு), ஸ்டார்ட்டர் ஸ்பிரிங், ஒயில் பம்ப், கிளட்ச் டிரம். எப்போதாவது பிளக்குக்குப் பொறி தரும் கொயில். உங்களுக்குப் பக்கத்தில் உள்ள மெக்கானிக்கிடம் போய், நீங்கள் வாங்க நினைக்கும் மொடலுக்கு இந்தச் சாமான்கள் இப்போது கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். 'எடுத்துத் தரலாம்' என்றால் அது இல்லை என்று அர்த்தம். அலுமாரியைத் திறந்து காட்டினால்தான் உண்டு. என் அலுமாரியில் 180க்கும் 250க்கும் முழுதாக இருக்கிறது. 445க்கு டயாபிராமும் பிளக்கும் மட்டும். பிளக் இரண்டு கம்பனிக்கும் பொது, பி.பி.எம்.ஆர். 7ஏ.

நிலாவெளி_மெயின்டனன்ஸ்

பட்டறை அண்ணன் சொன்ன 'எடுத்துத் தரலாம்' கதையின் முழு உருவத்தை நான் பார்த்திருக்கிறேன். நான் கடலோர ஹோட்டல் ஒன்றில் பராமரிப்பு வேலை. முதலாளி நல்ல பெயருள்ள ஐரோப்பிய மெஷின் ஒன்றைக் கொழும்பு ஏஜென்ட் ஒருவரிடம் வாங்கினார், பெயர் வேண்டாம். பில்லு, வாரண்டி அட்டை எல்லாம் பளபளவென்று. கொயில் போனதும் அனுப்பினோம். முதலில் 'பார்த்துச் சொல்கிறோம்', அப்புறம் 'ஸ்டொக் வரவேணும்', அப்புறம் போனை எடுத்தவர் புது ஆள், அவருக்கு ஒன்றும் தெரியாது. சீசன் முடிந்து விருந்தினர் எல்லோரும் போன பிறகு மெஷின் வந்தது. திருத்தியதற்குக் குறை சொல்ல முடியாது, இன்றைக்கும் ஓடுகிறது. ஆனால் இடையில் விழுந்த தென்னைகளை எல்லாம் கோடரியால் வெட்டினோம்.

வாரண்டி அட்டையை வாங்கும்போதே படியுங்கள். சிலதில் வீட்டுப் பாவனைக்கு ஒரு காலம், தொழில் பாவனைக்கு அதைவிடக் குறைந்த காலம் என்று போட்டிருப்பார்கள். ஹோட்டல் பெயரில் பில் போட்டால் நீங்கள் இரண்டாவது வகை.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. தென்னை மரத்தின் மேற்பட்டை முழுக்க மணல். சோழகக் காற்றும் வாடைக் காற்றும் அடித்தடித்து ஏற்றிய மணல். அறுக்கத் தொடங்கின கொஞ்ச நேரத்திலேயே சங்கிலி மழுங்கிவிடும். கத்தியால் சுற்றிவர பட்டையைச் சீவிவிட்டு அறுங்கள், வித்தியாசம் தெரியும். ஹோட்டல் தென்னை என்றால் லைட் தொங்கவிட அடித்த ஆணிகள் வேறு உள்ளே இருக்கும். எங்கள் ஆட்கள் இப்போது அறுக்க முதல் கையால் தடவிப் பார்க்கிறார்கள்.

மரக்காலை_மருமகன்

ஆணிக்கே இப்படி என்றால் எங்களைக் கேளுங்கள். மாமனாரின் மரக்காலைக்கு வருகிற பனையிலும் பாலையிலும் யுத்த காலத்துச் செல் துண்டு வராத மாதம் குறைவு. பாலையில் என்றால் வெளியே பட்டை மூடி வளர்ந்திருக்கும், ஒன்றும் தெரியாது. வாள் உள்ளே போகும்போது ஒரு சத்தம், ஒரு பொறி, அவ்வளவுதான். மரத்தில் கருநீல நிறக் கறை ஓடியிருந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம், அந்த இடத்தை விட்டுவிட்டு அறுப்போம்.

பெரிய மரம் அரிகிறவர்கள் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் பக்கம் இன்றைக்கும் ராஜா ஸ்டில் 070தான். 106 சிசி. மெதுவாகச் சுற்றும், ஆனால் பாலை, முதிரை எதற்குள்ளும் இறங்கினால் நிற்காது. பழைய வடிவம் என்பதால் செயின் பிரேக் கிடையாது. பார் நுனி எதிலாவது பட்டு மேலே எகிறினால் உங்களைக் காப்பாற்ற ஒன்றும் இல்லை. வளவு வேலைக்கு இதை யாருக்கும் சொல்ல மாட்டேன். அடுத்தது எம்.எஸ். 381, 72.2 சிசி. ஹஸ்க்வார்னா 372ம் அதே வகுப்பு, கையில் இலேசாக இருக்கும், நாள் முழுக்கக் கிளை வெட்டினால் முதுகு நன்றி சொல்லும்.

இந்த 070, 381 இரண்டிலும்தான் போலி அதிகம். செம்மஞ்சள், சாம்பல் நிறம், எழுத்து எல்லாம் அச்சொட்டாக இருக்கும். விலை பாதி என்றால் சந்தேகப்படுங்கள். ஒறிஜினலில் தொடர் இலக்கம் என்ஜின் உலோகத்திலேயே பொறித்திருக்கும், ஒட்டின ஸ்டிக்கர் மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

பாவித்த மெஷின் வாங்குவதென்றால் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவதை நம்பாதீர்கள். சூடாக்கி வைத்துவிட்டுத்தான் உங்களைக் கூப்பிடுவார்கள். புகைபோக்கிப் பெட்டியை இரண்டு மூன்று ஆணி கழற்றி எடுத்து, அந்தத் துவாரத்தால் டோர்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். பக்கம் வழுவழுப்பாக இருந்தால் சரி. மேலிருந்து கீழாகக் கீறல் விழுந்திருந்தால் ஒயில் குறைவாக ஓடின மெஷின், சும்மா தந்தாலும் வேண்டாம்.

ஒஸ்லோ_திருமலையான்

நான் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். இங்கே என் கராஜில் ஒரு பாவித்த ஹஸ்க்வார்னா கிடக்கிறது, கொண்டு வந்து தரட்டுமா? சும்மா கம்பனி இல்லை அது. 1689இல் சுவீடன் அரசருக்குத் துவக்குச் செய்யத் தொடங்கியவர்கள், செயின் சோ 1959இலிருந்து செய்கிறார்கள். ஸ்டில் தொடங்கியதே 1926இல்தான். டொல்மார் என்ற இன்னொரு ஜெர்மன் கம்பனி 1927இல் பெற்றோல் வாள் கொண்டுவந்தது, அதை 1991இல் ஜப்பானின் மகிட்டா வாங்கியது, 2022இல் பெற்றோல் மெஷின் செய்வதையே நிறுத்திவிட்டார்கள், இனி பற்றரி மட்டும்தான். ஆகவே யாராவது பழைய மகிட்டா பெற்றோல் மெஷின் மலிவாகத் தந்தால் யோசித்து வாங்குங்கள்.

மூதூர்_விறகு

1689இல் திருகோணமலைக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்தார்கள் தம்பி. துவக்குச் செய்தது எல்லாம் சரி, என் மெஷினுக்கு டயாபிராம் வருமா?

கிண்ணியா_பட்டறை

ஒஸ்லோத் தம்பி, மனசுக்கு நன்றி, கொண்டு வர வேண்டாம். பெற்றோல் ஊற்றி ஓடின மெஷினை விமானத்தில் ஏற்ற விடுவது அபூர்வம். தாங்கியைக் கழுவினாலும் மணம் இருக்கும், விமான நிலையத்தில் விட்டுவிட்டு வருவீர்கள். அங்கே எடுத்த வாரண்டியையும் இங்கே யாரும் ஏற்க மாட்டார்கள். கொண்டு வருவதென்றால் நல்ல வட்ட அரம் ஒரு பெட்டி கொண்டு வாருங்கள். 4 மில்லிமீற்றரும் 4.8 மில்லிமீற்றரும்.

காக்காவுக்கு ஒன்று. உங்கள் மெஷின்கள் சீக்கிரம் போவதற்குச் சீனன் மட்டும் காரணமில்லை. எங்கள் ஊர்களில் எல்லோர் வீட்டிலும் ஏதோ ஒரு வகையில் கடல் இருக்கிறது. போட் என்ஜினுக்கு வாங்கின ஒயில் மிச்சம் இருக்கும், அதையே பெற்றோலில் கலந்து செயின் சோவுக்கும் ஊற்றுவார்கள். போத்தலில் ரி.சி.டபிள்யூ. 3 என்று இருந்தால் அது தண்ணீரால் குளிரும் என்ஜினுக்கான ஒயில். செயின் சோ காற்றால் மட்டும் குளிர்கிறது, அதைவிட மிகச் சூடாக ஓடுகிறது. அந்த ஒயில் அதற்குத் தாங்காது. ஜாசோ எஃப்.டி. அல்லது எஃப்.சி. என்று போட்டதைப் பாருங்கள்.

அளவு: ஸ்டிலுக்கும் ஹஸ்க்வார்னாவுக்கும் அவர்களுடைய ஒயில் என்றால் 50க்கு 1, அதாவது லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். சீன மெஷின் கையேட்டில் பெரும்பாலும் 25க்கு 1, லீற்றருக்கு 40 மில்லிலீற்றர். கண் மட்டத்துக்கு ஊற்றாதீர்கள், மருந்துப் போத்தல் மூடியில் அளந்தாவது ஊற்றுங்கள். மரக்காலைத் தம்பி சொன்ன கீறல் வருவது இதனால்தான்.

கலந்த பெற்றோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் நம் கரையில் ஏறினபோது நிறையப் பேர் அவசரமாக மெஷின் வாங்கினார்கள். மரத்தை அறுத்தார்கள், மெஷினை அப்படியே பெற்றோலோடு சுவரில் மாட்டினார்கள். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு, கானில் பெற்றோல் தர மாட்டார்கள், அப்போதும் தொடவில்லை. நிலைமை சீராகி எல்லோரும் மறுபடி எடுத்தபோது என் மேசை முழுக்கக் காபரேட்டர். திறந்தால் உள்ளே பச்சையாகப் பிசின் பிடித்து, டயாபிராம் கடதாசி மாதிரி விறைத்துப் போயிருக்கும். அதில் ஸ்டிலும் இருந்தது, சீனமும் இருந்தது, பிராண்ட் பார்க்கவில்லை. வேலை முடிந்தால் தாங்கியைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

மூதூர்_விறகு

போட் ஒயில் விஷயம் என்னைப் பற்றித்தான் என்று எல்லோருக்கும் தெரியும், பரவாயில்லை. ஆனாலும் என் கணக்கு மாறாது. எனக்கு மூன்று மெஷின் இருக்கிறது, ஒன்று நின்றால் மற்றது ஓடும், செத்தது மற்ற இரண்டுக்கும் பார்ட்ஸ். ஒரே கடையில் ஒரே நாளில் எடுத்தவை, அதனால் உங்கள் கிளட்ச் பிரச்சினையும் இல்லை. ஒரு ஸ்டில் வைத்திருக்கிறவன் அது நின்றால் வீட்டில் இருக்கிறான்.

கிண்ணியா_பட்டறை

மூன்றையும் ஒரே நாளில் எடுத்தது புத்திசாலித்தனம், அதை ஒத்துக்கொள்கிறேன். தொழில் செய்கிறவருக்கு அது சரிவரும். தம்பலகாமத்துத் தம்பிக்கு மாரியில் நாலு தடவைதான் மெஷின் வேண்டும், எடுத்த உடனே பிடிக்க வேண்டும்.

சாம்பல்தீவு_வாத்தியார்

பிராண்ட் பேச்சில் ஒன்றை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 2019இல் செயின் சோ வைத்திருப்பவர்கள் பொலிஸில் பதிய வேண்டும் என்று அறிவித்தார்கள். பாவித்த மெஷின் வாங்குவதென்றால் பதிவுக் கடதாசியும் கையோடு வர வேண்டும், இல்லாவிட்டால் காட்டுக்குள் பிடிபட்ட மெஷின் உங்கள் வீட்டில் இருக்கக் கூடும். புதிது வாங்கினால் பில்லில் தொடர் இலக்கம் எழுதி வாங்குங்கள், அதோடு பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் நடைமுறையைக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. வேலியோரம் பனை என்கிறீர்கள். 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றும் வருகிறது. சொந்தக் காணி என்றாலும் அனுமதி இல்லாமல் தறிக்கக் கூடாது. பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம், கிராம சேவகரிடம் முதலில் சொல்லுங்கள். காற்றில் விழுந்த மரமென்றாலும் அறுக்க முதல் ஒரு படம் எடுத்து வைத்திருப்பது நல்லது. பலகையை வளவுக்கு வெளியே கொண்டு போவது வேறு கதை, அதற்குத் தனி அனுமதி.

தம்பலகாமம்_வளவு

எல்லோருக்கும் நன்றி. பெண் பனை விஷயம் தெரியாமலே போயிருப்பேன். நேற்று கிண்ணியா அண்ணனின் பட்டறைக்கும் போய் அலுமாரியைப் பார்த்தேன், 250 எடுப்பதாக முடிவு. 18 இஞ்சி பார். ஒரு கேள்வி: மேலதிக சங்கிலிக்கு ஹார்ட்வெயார் கடையில் 5800க்கு விற்பது மலிவாக இருக்கிறது, அதுவும் .325 என்றுதான் போட்டிருக்கிறது. போடலாமா?

கிண்ணியா_பட்டறை

கேட்டது நல்லதாகப் போயிற்று. .325 இஞ்சி என்பது கண்ணிகளுக்கு இடையிலான அளவு மட்டும். கீழே பாரின் தவாளிப்புக்குள் ஓடும் பல்லின் தடிப்பு வேறு. 5800 சங்கிலி பெரும்பாலும் 1.5 மில்லிமீற்றர், ஸ்டிலின் .325 பார் 1.6. போட்டால் உள்ளே போகும், ஓடும். ஆனால் சங்கிலி பக்கவாட்டில் ஆடும், வெட்டு வளைந்து போகும், பாரின் விளிம்பு ஒரு பக்கமாகத் தேயும். நீங்கள் மெஷின் கோளாறு என்று என்னிடம் வருவீர்கள். கண்ணி எண்ணிக்கையும் ஒத்து வராது. பாரின் அடியில் மூன்று அளவும் அடித்திருக்கும், கடைக்குப் போகும்போது அதைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்டில் சங்கிலி இல்லாவிட்டால் ஒறெகன் நல்லது, அதே 1.6 கேளுங்கள்.

தீட்ட 4.8 அரம். ஒவ்வொரு தடவை பெற்றோல் நிரப்பும்போதும் பல்லுக்கு இரண்டு மூன்று இழுவை போதும். தூள் மாவாக வந்தால் மழுங்கிவிட்டது, செதிலாக வந்தால் சரி. பனைக்குப் பழைய சங்கிலி ஒன்று தனியாக வையுங்கள், அதன் கறுப்பு நாருக்குப் புதுச் சங்கிலியைக் கொடுக்கக் கூடாது. பனையும் தென்னையும் அறுத்து முடிந்ததும் பக்க மூடியைக் கழற்றி நாரை இழுத்தெடுங்கள். விட்டால் ஒயில் துவாரத்தை அடைத்துவிடும்.

தம்பலகாமம்_வளவு

சரி அண்ணே. புளியை என்ன செய்வது? அடிமரம் மூன்றரை அடி அகலம் வரும்.

மரக்காலை_மருமகன்

அதற்கு 18 இஞ்சி பாரோடு போகாதீர்கள். கிளைகளை நீங்கள் இறக்கி வையுங்கள், அடிக்கு நாங்கள் 070 கொண்டு வருகிறோம். கிராம சேவகரிடம் சொல்லிவிட்டு ஒரு நாள் குறியுங்கள், மழைக்கு முதல் என்றால் லொறி உள்ளே வரும்.

மூதூர்_விறகு

கிளை விறகு எனக்கு, விலை பேசுவோம். அடிமரத்தில் அரை அடித் தடிப்பில் இரண்டு வட்டம் அறுத்து வையுங்கள், இறைச்சிக் கடைக்காரர் கட்டைக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். வெடிக்காமல் இருக்க அறுத்த முகத்தில் உடனே மெழுகு பூசிவிடுங்கள். இறைச்சி வெட்டும் கட்டை, போட் ஒயில் வேண்டாம்.